தொண்டை வீங்கிய மீனுக்கு மருந்து வேண்டாம்: சிக்லிட்டில் ஆண், பெண் அறிவது

வேலந்தாவளம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வீட்டில் மூன்று தொட்டி வைத்திருக்கிறார், மூன்றிலும் சிக்லிட் குடும்பத்து மீன்கள். ஒன்றில் ஆறு ஏஞ்சல் மீன்கள். அதில் இரண்டு ஜோடி சேர்ந்து மூன்று தடவை முட்டையிட்டன. மூன்று தடவையும் முட்டை முழுக்க வெள்ளையாகிப் பூஞ்சை பிடித்துவிட்டது. இரண்டாவது தொட்டியில் ஆப்பிரிக்கன் சிக்லிட். அதில் ஒரு மஞ்சள் லேப் ஒரு வாரமாகத் தீனியைத் தொடவில்லை, தொண்டை வீங்கியிருக்கிறது, என்ன மருந்து போடலாம் என்கிறார். மூன்றாவதில் தனியாக ஒரு ஃபிளவர்ஹார்ன். தலைமேடு பெரிதாக இருப்பதால் ஆண் என்று சொல்லித்தான் கடையில் கொடுத்தார்களாம். போன வாரம் அது முட்டையிட்டுவிட்டது. 'சிக்லிட்டில் ஆண் எது, பெண் எது என்று எதை வைத்துத்தான் நம்புவது?' என்று முடித்திருக்கிறார்.

தம்பி, முதலில் அந்த மஞ்சள் லேப் தொட்டியில் எந்த மருந்தையும் போட்டுவிடாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அது நோய் இல்லை. அது பெண் மீன்; வாய்க்குள் முட்டை வைத்திருக்கிறது. மஞ்சள் லேப் போல ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியிலிருந்து வரும் சிக்லிட்டுகளில் அனேகமாக எல்லாமே இப்படித்தான். பெண் முட்டையிட்ட கையோடு திரும்பி அதை வாயில் அள்ளிக்கொள்ளும். குஞ்சு முழுதாக உருவாகி நீந்தும் வரை, ஏறக்குறைய மூன்று நான்கு வாரம், வாயிலேயே வைத்திருக்கும். அதுவரை சரியாகச் சாப்பிடாது. கீழ்த்தாடை பை மாதிரி இறங்கி, வாய் முழுக்க மூடாமல் இருக்கும். அவ்வப்போது எதையோ மெல்லுவது போல் தாடையை அசைக்கும். முட்டைகளைப் புரட்டிவிட்டு நல்ல தண்ணீர் படச் செய்கிறது, அவ்வளவுதான். மற்ற மீன்களை விட்டு ஒதுங்கி ஒரு கல் இடுக்கில் நிற்கும்.

நோயோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்க ஓர் அடையாளம் சொல்கிறேன். முட்டை வைத்திருக்கும் மீனுக்குத் தொண்டைதான் வீங்கும்; வயிறு நாளாக நாளாக ஒட்டிப்போகும். ஆப்பிரிக்கன் சிக்லிட்டுக்கு வரும் வயிற்று உப்பல் நோயில் வயிறு வீங்கும், மூச்சு வேகமாக வாங்கும், கழிவு வெள்ளை நூலாகத் தொங்கும். உங்கள் மீனுக்கு இதெல்லாம் இல்லையென்றால் நிம்மதியாக இருங்கள். இப்போதைக்குப் பிடித்து வேறு தொட்டிக்கு மாற்றவும் வேண்டாம். முதல் வாரத்தில் வலை போட்டால் பயந்து முட்டையை விழுங்கிவிடும், இல்லாவிட்டால் துப்பிவிடும். பதினைந்து, பதினெட்டு நாள் ஆனதும் இரவில் விளக்கை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக எடுத்து, கல் இடுக்கு வைத்த ஒரு சின்னத் தொட்டியில் விடுங்கள். குஞ்சுகளைத் துப்பியபின் தாய்க்கு ஒரு வாரமாவது தனியாகத் தீனி கொடுத்துத் தேற்றிவிட்டுத் திருப்பி விடுவது நல்லது. மெலிந்த பெண்ணை ஆண்கள் துரத்தியே கொன்றுவிடும்.

இனி உங்கள் பெரிய கேள்விக்கு வருகிறேன். சிக்லிட் என்பது ஒரு மீன் அல்ல. ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேல் இனங்கள் உள்ள பெரிய குடும்பம். அதனால் 'துடுப்பு கூர்மையாக இருந்தால் ஆண், தலைமேடு இருந்தால் ஆண்' என்று ஒரே விதியை எல்லாவற்றுக்கும் போட்டால் தப்பாகத்தான் போகும். நான் எந்த மீனைப் பார்த்தாலும் முதலில் கேட்பது, இந்த இனத்தில் குஞ்சை யார் வளர்க்கிறார்கள் என்பதுதான். ஆண் சும்மா நிறம் காட்டிப் பெண்ணை அழைத்து, முட்டையிட்டதும் அடுத்த பெண்ணைத் தேடிப் போகிற இனம் என்றால், ஆண் பளபளப்பாகவும் பெண் மங்கலாகவும் இருக்கும், தூரத்திலிருந்தே தெரியும். இரண்டு பேரும் சேர்ந்து முட்டையைக் காத்துக் குஞ்சை வளர்க்கிற இனங்கள் பலவற்றில் ஆணும் பெண்ணும் ஒன்று போலவே இருக்கும். ஏஞ்சல், டிஸ்கஸ், ஆஸ்கார் எல்லாம் இந்த இரண்டாவது வகை. அவற்றில் வெளித்தோற்றத்தை வைத்து ஆண், பெண் சொல்பவர் ஊகம்தான் சொல்கிறார்.

முதல் வகைக்கு நல்ல உதாரணம் பீக்காக் எனப்படும் ஆலனோகாரா. ஆணுக்கு நீலமும் சிவப்பும். பெண் சாம்பல் நிறம். கடைத் தொட்டியில் சின்னக் குஞ்சுகள் எல்லாமே நல்ல நிறத்தில் இருந்தால் கொஞ்சம் யோசியுங்கள்; ஹார்மோன் கலந்த தீனி கொடுத்துப் பெண்ணுக்கும் நிறம் ஏற்றி விற்பது உண்டு. ஆராட்டஸ் என்னும் மலாவி மீனில் பெண்ணும் குஞ்சும் மஞ்சளில் கறுப்புக் கோடு; வளர்ந்த ஆண் கறுத்து, வெளிர்நீலக் கோடு வாங்கும். கென்யி என்னும் இன்னொரு மலாவி மீன் நாம் நினைப்பதற்கு நேர் எதிர்: குஞ்சில் எல்லாம் நீலம், ஆண் வளர்ந்து மஞ்சளாகும், பெண் நீலமாகவே இருக்கும். உங்கள் மஞ்சள் லேப் இந்தக் கூட்டத்தில் விதிவிலக்கு. ஆண், பெண் இரண்டும் மஞ்சள். ஆணுக்கு அடித்துடுப்புகளில் கறுப்பு அழுத்தமாக இருக்கும் என்பார்கள். பெரும்பாலும் சரி, ஆனால் தைரியமான பெண்ணுக்கும் அந்தக் கறுப்பு வரும்.

ஆசனவாய்க்குப் பின்னால் அடியில் இருக்கும் குதத்துடுப்பின் மஞ்சள் புள்ளிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். முட்டை போலவே இருக்கும் அந்தப் புள்ளிகளைத் தன் முட்டை என்று நினைத்துப் பெண் வாயால் கவ்வப் போகும்போது ஆணின் விந்து அதன் வாய்க்குள் போய் முட்டைகள் கருவுறுகின்றன என்று 1962-ல் விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த வொல்ஃப்காங் விக்லர் விளக்கினார். அதைப் படித்துவிட்டுப் பலர் 'புள்ளி இருந்தால் ஆண்' என்று முடிவு கட்டுகிறார்கள். ஆணுக்குப் புள்ளி அதிகமாகவும் தெளிவாகவும் இருக்கும் என்பது பொதுவாக உண்மை. ஆனால் பெண்ணுக்கும் ஒன்றிரண்டு புள்ளி உண்டு. இன்னொன்று: ஒரு தொட்டியில் பலசாலி ஆண் ஒன்று இருந்தால், மற்ற ஆண்கள் நிறத்தை அடக்கிக்கொண்டு பெண் போலவே திரியும். அந்தப் பெரிய ஆணை எடுத்துவிட்டால் சில நாளிலேயே 'பெண்' என்று நினைத்த ஒன்று நிறம் ஏறி நிற்கும். அதனால் நிறத்தை மட்டும் வைத்து ஜோடி வாங்காதீர்கள்.

நிறமும் துடுப்பும் கைவிடும்போது மிஞ்சுவது ஓர் இடம்தான்: மீனின் அடிவயிற்றில் ஆசனவாய்க்குப் பின்னால் இருக்கும் இனப்பெருக்கத் துளை. இதைப் பார்க்கப் பழகிவிட்டால் பாதிக் குழப்பம் போய்விடும். கையைத் தண்ணீரில் நனைத்து, ஈரத்துணியில் மீனை மல்லாக்கப் பிடித்து, நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். சில நொடிகளில் திரும்பத் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். தலைப்பக்கம் இருப்பது ஆசனவாய். வால்பக்கம் இருப்பது இனப்பெருக்கத் துளை. பெண்ணுக்கு இந்த இனப்பெருக்கத் துளை ஆசனவாயை விடப் பெரிதாக, அகலமாக இருக்கும். முட்டை வெளியே வர வேண்டுமே. ஆணுக்கு அது சிறியதாக, அல்லது இரண்டும் ஒரே அளவாக இருக்கும். ஒரு மீனை மட்டும் பார்த்தால் ஒன்றும் புரியாது. ஒரே அளவுள்ள நாலைந்து மீன்களை அடுத்தடுத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் கண்ணில் படும். விரல் நீளத்துக்கும் குறைவான குஞ்சுகளில் முயல வேண்டாம்.

இதைப் பழகுவதற்கு விலை உயர்ந்த மீன் தேவையில்லை. சந்தையில் வாங்கும் ஜிலேபி மீன், அதாவது திலாப்பியா, போதும். திலாப்பியாவும் சிக்லிட்தான், மொசாம்பிக் திலாப்பியா 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு இன்று நம் குளம், அணை எல்லாவற்றிலும் நிறைந்து கிடக்கிறது. கழுவ வைத்த ஜிலேபியைத் திருப்பிப் பாருங்கள். ஆணுக்கு இரண்டு துளை: ஆசனவாய், அதற்குப் பின்னால் ஒரு சின்னக் கூம்பின் நுனியில் சிறுநீரும் விந்தும் வரும் ஒரே துளை. பெண்ணுக்கு மூன்று: நடுவில் முட்டை வருவதற்குக் குறுக்காக ஒரு கீறல் தனியாக இருக்கும். வளர்ப்பவர்கள் அங்கே ஒரு சொட்டு நீல மை தடவிப் பார்ப்பார்கள். கீறல் பளிச்சென்று தெரியும். கோடையில் தண்ணீர் வற்றும்போது குளத்தோரச் சேற்றில் தட்டுத் தட்டாகக் குழிகள் தெரியுமே, அவை ஆண் ஜிலேபி வாயால் தோண்டியவை. கறுத்த உடம்பும் வெளுத்த கீழ்த்தாடையும் சிவந்த துடுப்பு ஓரமுமாக அந்தக் குழியைக் காத்து நிற்கும் ஆணைப் பார்த்திருந்தால், சிக்லிட்டின் இனப்பெருக்க நடத்தையை ஏற்கெனவே பார்த்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

ஏஞ்சல்களுக்கு வருகிறேன். மூன்று தடவையும் ஒரு முட்டைகூடத் தப்பாமல் எல்லாம் வெள்ளையாகின்றன என்றால், எனக்கு முதலில் தோன்றுவது உங்கள் ஜோடி இரண்டும் பெண் என்பதுதான். ஆண் கிடைக்காதபோது இரண்டு பெண் ஏஞ்சல்கள் ஜோடி சேரும். இலையைச் சுத்தம் செய்யும், மற்ற மீன்களை விரட்டும், முட்டையிடும், துடுப்பால் விசிறிக் காக்கும். பார்ப்பவர்க்குக் கணவன் மனைவி போலவே இருக்கும். கருவுறாத முட்டை ஒன்றிரண்டு நாளில் வெளுத்து, அதன்மேல் பூஞ்சை படரும். பூஞ்சை அங்கே காரணம் இல்லை, விளைவு. அதனால் பூஞ்சைக்குப் போடும் மெத்திலீன் புளூ மருந்தை எவ்வளவு ஊற்றினாலும் பயன் இல்லை. கருவுற்ற முட்டைகளுக்கு நடுவே இருக்கும் கெட்ட முட்டையிலிருந்து பூஞ்சை பரவாமல் தடுக்க மட்டுமே அது உதவும்.

அடுத்த தடவை முட்டையிடும் நாளில் தொட்டி முன்னால் உட்கார்ந்து பாருங்கள். ஏஞ்சலில் முட்டையிட ஒன்றிரண்டு நாள் இருக்கும்போது அடிவயிற்றில் ஒரு சின்னக் குழல் வெளியே நீளும். ஆணுடையது மெலிந்து கூர்மையாக இருக்கும். பெண்ணுடையது தடித்து, நுனி மழுங்கி இருக்கும். முட்டையிட்டுச் சில நாளில் மறுபடி உள்ளே போய்விடும், அதனால் மற்ற நாளில் தேடிப் பயனில்லை. முட்டையிடும்போது பெண் வயிற்றை இலையில் உரசிக்கொண்டே மேலே ஏறும். பின்னால் வரிசையாக முட்டை ஒட்டும். ஆண் அதே தடத்தில் ஏறும், ஆனால் அதன் பின்னால் புது முட்டை எதுவும் ஒட்டாது. இரண்டு மீனும் முட்டை ஒட்டிக்கொண்டே போனால் சந்தேகமே வேண்டாம். அப்புறம் செய்ய வேண்டியது ஒன்றுதான்: வேறு இடத்திலிருந்து ஐந்தாறு இளம் ஏஞ்சல்களை வாங்கிச் சேர்த்து வளர்த்து, தாங்களாகவே ஜோடி சேர விடுங்கள். ஏஞ்சலில் நாம் பார்த்துச் சேர்த்துவைக்கும் ஜோடியை விட, அதுவே தேடிக்கொண்ட ஜோடிதான் குஞ்சு வளர்க்கும்.

ஒருவேளை ஓர் ஆணும் ஒரு பெண்ணும்தான் என்று உறுதியானால், அடுத்துப் பார்க்க வேண்டியது உங்கள் தண்ணீர். வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி பக்கத்துப் போர்வெல் தண்ணீர் எப்படி என்று உங்களுக்கே தெரியும். பாத்திரத்தில் காய்ச்சினால் வெள்ளைப் படிவு தட்டும். மலாவி மீன்களுக்கு இந்தத் தண்ணீர் வரம். அவற்றின் ஏரியிலும் தண்ணீர் காரத்தன்மை உள்ளதுதான். அதனால்தான் ஒன்றுமே செய்யாமல் உங்கள் மஞ்சள் லேப் வாயில் முட்டை வைத்திருக்கிறது. ஆனால் ஏஞ்சல் அமேசான் ஆற்று மீன். கடினமான தண்ணீரில் உயிரோடு இருக்கும், முட்டைகூட இடும். முட்டை கருவுறுவதும் பொரிவதும் குறையும். வீட்டில் ஆர்.ஓ. மெஷின் இருந்தால் அந்தத் தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலந்து பாருங்கள். இல்லாவிட்டால் மழைத் தண்ணீர். முதல் மழையை விட்டுவிட்டு, கூரை நன்றாகக் கழுவப்பட்ட பிறகு விழுவதைப் பிடித்து வையுங்கள். ஒரே நாளில் மாற்றாமல் சில வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்க வேண்டும்.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றோடு சாரல் வரும்போது தென்னமெரிக்க மீன்கள் திடீரென்று முட்டையிடுவதைப் பல வீடுகளில் பார்க்கலாம். கோடையில் சூடேறி, தண்ணீர் குறைந்து கிடந்த தொட்டியில் குளிர்ந்த மென்மையான தண்ணீர் சேரும்போது அவற்றுக்கு அது மழைக்காலம். அதையே நாமும் செய்யலாம்: இரண்டு வாரம் ரத்தப்புழு போன்ற நல்ல தீனி கொடுத்துவிட்டு, தொட்டித் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றுக் குளிர்ந்த தண்ணீராக மாற்றினால் பல ஜோடிகள் முட்டைக்குத் தயாராகும்.

முட்டையிடப் போகிறது என்பதற்கான அறிகுறிகள் எல்லா இனத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான், வரிசை மட்டும் முன்பின் மாறும். முதலில் எல்லை பிடிக்கும். நேற்று வரை எல்லாவற்றோடும் சுற்றிய இரண்டு மீன்கள் தொட்டியின் ஒரு மூலையைத் தமதாக்கிக்கொண்டு மற்றவற்றை எதிர்மூலைக்குத் தள்ளும். நிறம் ஆழமாகும், பட்டைகள் கறுக்கும். உடம்பு முழுக்க ஒரு நடுக்கம் ஓட, ஒன்றின் பக்கத்தில் ஒன்று நிற்கும். ஒரு கல்லையோ இலையையோ ஃபில்டர் குழாயையோ வாயால் கொத்திக் கொத்திச் சுத்தம் செய்யும். தீனி தேடுவதற்கும் இதற்கும் வித்தியாசம், ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வருவது. மணல் இருந்தால் வாயில் அள்ளி அள்ளிக் குழி பறிக்கும். குழல் வெளியே தெரிந்துவிட்டால் ஓரிரு நாளில் முட்டை.

இந்த அறிகுறிகளில் ஆபத்தானது வாயோடு வாய் கவ்வி இழுப்பது. அது காதலும் ஆகலாம், சண்டையும் ஆகலாம். சிக்லிட்டுகள் அப்படி ஒன்றையொன்று சோதித்துத்தான் ஜோடி சேரும். விட்டபின் இரண்டும் துடுப்பை விரித்துக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் நின்றால் நல்லது. ஒன்று துடுப்பைச் சுருக்கிக்கொண்டு, நிறம் வெளுத்து, தண்ணீர் மட்டத்து மூலையில் ஒதுங்கினால் அன்றைக்கே பிரித்துவிடுங்கள். ஆஸ்கார் போன்ற பெரிய மீன்களில் ஒரே இரவு தாமதம் ஓர் உயிரைக் கொண்டுபோய்விடும். ஆஸ்கார் பொதுவாக ஒரு வருடத்துக்குமுன் முட்டைக்கு வருவதில்லை. அதுவரை அதில் ஆண், பெண் தேடி மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சுலபமான மீனில் கற்றுக்கொள்ள ஆசை இருந்தால் கான்விக்ட் அல்லது கிரிபென்சிஸ் வாங்குங்கள். இரண்டும் சேர்ந்து குஞ்சு வளர்க்கும் இனம்தான், ஆனாலும் வித்தியாசம் தெளிவாகத் தெரியும், அதுவும் பெண்ணுக்கு. கான்விக்டில் பெண் சிறியது, வயிற்றில் ஆரஞ்சு நிறச் செதில்கள் மின்னும். ஆண் பெரியது, துடுப்பு நீளம், வயதானால் நெற்றி புடைக்கும். கிரிபென்சிஸ் பெண்ணுக்கு வயிறு உருண்டு, செர்ரிப் பழ நிறம். ஆண் நீளமாக, துடுப்பு நுனி கூராக இருக்கும். கிரிபென்சிஸில் இன்னோர் ஆச்சரியம், அமிலத் தண்ணீரில் பொரிந்து வளரும் குஞ்சுகளில் ஆண்கள் அதிகமாகும். ராம் சிக்லிட்டிலும் முட்டைக்கு வந்த பெண்ணின் வயிறு இளஞ்சிவப்பாகும்.

ஃபிளவர்ஹார்ன் விஷயம். அது இயற்கையில் இல்லாத மீன். நடு அமெரிக்க சிக்லிட்டுகளைக் கலந்து 1990-களில் மலேசியாவில் உருவாக்கியது. தலைமேடு இரண்டுக்கும் வரும். ஆணுக்குப் பெரிதாக வரும் என்பது பொதுவான போக்கு மட்டுமே. முதுகுத்துடுப்பில் கறுப்புத் திட்டு இருந்தால் பெரும்பாலும் பெண். உங்களுடையது முட்டையே இட்டுவிட்டது. இனி விவாதம் இல்லை, அது பெண். ஆண் இல்லாமலேயே பெண் சிக்லிட் முட்டையிடும். அந்த முட்டை பொரியாது. அது காவல் காத்து ஓய்ந்தபின் முட்டைகளை எடுத்துவிட்டுத் தண்ணீரை மாற்றுங்கள். அந்தச் சில நாள் சாப்பாடு குறைந்தால் பயப்பட வேண்டாம். இதற்கு ஆண் தேடி ஜோடி போடும் யோசனை இருந்தால், தயவுசெய்து வேண்டாம். ஆண் ஃபிளவர்ஹார்ன்களில் மலடு நிறைய. அதோடு அந்தச் சண்டையில் உங்கள் மீன்தான் அடிபடும். பேரட் மீனும் இப்படிக் கலப்பினம்தான். பெண் தவறாமல் முட்டையிடும், ஆண் பெரும்பாலும் மலடு.

கடைசியாக ஒன்று, இது நீங்கள் கேட்காதது. இந்தியாவுக்கே சொந்தமான சிக்லிட் மூன்றே மூன்று. அதில் இரண்டு நமக்கு மேற்கே ஒரு பேருந்துத் தூரத்தில் இருக்கின்றன: 2010-ல் கேரளம் மாநில மீனாக அறிவித்த கரிமீன், அப்புறம் பள்ளத்தி. கறியில் சின்ன மீன் என்று ஒதுக்கப்படும் பள்ளத்தி, தொட்டியில் ஆரஞ்சு குரோமைட் என்ற பெயரில் உலகமெங்கும் வளர்க்கப்படுகிறது. ஆணும் பெண்ணும் சேர்ந்தே முட்டையைக் காக்கும். குஞ்சுகள் தாய் தகப்பன் உடம்பின் மேல் ஊறும் சளியைக் கொத்தித் தின்னும். கரிமீனின் துடுப்பில் ஒட்டும் பூஞ்சையையும் ஒட்டுண்ணிகளையும் பள்ளத்தி கொத்திச் சுத்தம் செய்வதையும் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். ஒரு ஜோடி பள்ளத்தியை உங்கள் தொட்டியில் வளர்த்துப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

அதனால்தான் இதையும் சொல்கிறேன். கான்விக்ட் ஒரு ஜோடி சேர்ந்துவிட்டால் நிற்காமல் குஞ்சு பொரித்துக்கொண்டே இருக்கும். சில மாதத்தில் தொட்டி தாங்காது. மிஞ்சியதை வாய்க்காலிலோ வாளையாறு அணையிலோ விட்டால், ஜிலேபி செய்தது போதாதென்று இன்னொரு வெளிநாட்டு மீனும் பள்ளத்தியின் இடத்தைப் பிடிக்கும். கான்விக்ட் வாங்கப் போகும் கடையிலேயே, குஞ்சு வந்தால் எடுத்துக்கொள்வார்களா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். மாட்டோம் என்றால் கிரிபென்சிஸ் வாங்குங்கள். அது கான்விக்ட் அளவுக்குப் பெருகாது.